கம்பெனி நீலமும் ஒரு கறிவேப்பிலையும்

பெயிண்ட் டப்பாவின் மூடியை ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பும்போது ஒரு சத்தம் வருமே, அடைத்திருந்த காது திறந்துகொண்ட மாதிரி, டப் என்று. அதன் பின்னாலேயே வாசம் ஏறி வரும். போன வாரம் எங்கள் குடியிருப்பில் மாடிப்படிக் கைப்பிடிக்கு அடிப்பதற்காக யாரோ டப்பா திறந்தார்கள். நான் பால் பாக்கெட்டோடு படியிலேயே நின்றுவிட்டேன். பெயிண்ட் வாசத்தைத் தொட்டுக்கொண்டு சாமந்தி வாசம் வந்தது, பொரி வாசம் வந்தது, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சையின் வாசம் வந்தது. டப்பாவுக்குள் அதெல்லாம் யாரும் போட்டு அடைக்கவில்லை. என் மூக்குக்குள் கிடக்கிறது, ஓசூரில் ஒரு கம்பெனி ஷெட்டின் ஆயுத பூஜை, இரண்டாயிரத்துச் சில்லறை வருடங்களில் ஒன்று, அப்படியே கலையாமல்.

பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளுமாக நீங்கள் என்னிடம் கேட்டிருந்தீர்கள்: ஒரு பரப்புக்கு எவ்வளவு பெயிண்ட் வேண்டும் என்று எப்படி சார் கணக்குப் போடுவது? வயது வருமுன்னே பராமரிப்பு வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, உட்கார முடியாமல் ஊர் சுற்றிக்கொண்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது. சுருக்கமான பதில் டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கிறது. ஒரு லிட்டர் இத்தனை சதுர அடிக்கு வரும் என்று. அது தூசியும் காற்றும் ஆள் நடமாட்டமும் இல்லாத ஏதோ ஒரு தேசத்தின் கணக்கு. நீங்கள் வேலை பார்ப்பது லாரிப் புழுதி பறக்கும் ஓசூரில். ஆகையால் நீளமான பதிலைச் சொல்கிறேன்.

சுவர் சாது. நீளத்தை அகலத்தால் பெருக்கி, ஜன்னலைக் கழித்தால் பேசாமல் ஒப்புக்கொள்ளும். மெஷின் ஒப்புக்கொள்ளாது. அதற்கு வயிறு உண்டு, விலா உண்டு, அக்குள் உண்டு. வார்ப்பு இரும்பின் சொரசொரப்பு தாகம் எடுத்த மாடு மாதிரி பெயிண்டைக் குடிக்கும். நான் என்ன செய்வேன் என்றால், பழைய செய்தித்தாளை மெஷினின் மேல் சுற்றி ஒட்டுவேன். எத்தனை தாள் பிடித்ததோ அதுதான் பரப்பு. லேத் மெஷின் ஒன்று தலை முதல் கால் வரை தேர்தல் செய்தியும் சினிமா விளம்பரமும் போர்த்திக்கொண்டு நிற்கும். அதை ஓட்டும் டர்னர் நாகராஜ் வந்து மூக்கு இருக்கும் இடம் என்று அவர் நினைத்த இடத்தில் தாளைக் கிழித்துவிட்டு, "மூச்சு முட்டுது சார் அதுக்கு" என்பார்.

நாகராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் தெலுங்கு. மனைவி ஆனேக்கல் பக்கம், கன்னடம். தெலுங்கில் கனவு காண்பார், கன்னடத்தில் திட்டு வாங்குவார், தமிழில் பொய் சொல்வார். எங்கள் ஷெட்டிலேயே சர்வீஸ் அதிகமான ஆள்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜைக்கு வெளியிலிருந்து பெயிண்டர் வரமாட்டார். எந்த மெஷினை யார் ஓட்டுகிறாரோ அவரே சுரண்டி, டீசல் போட்டுத் துடைத்து, அவரே பெயிண்ட் அடிக்க வேண்டும். முந்தின நாள் மதியத்தோடு உற்பத்தி நிற்கும். டப்பா ஸ்டோரிலிருந்து கிளம்பி சர்வீஸ் வரிசைப்படி மெஷின் மெஷினாக நகரும். மறுநாள் பூஜைக்கு வீட்டார் எல்லோருக்கும் கேட் திறந்துவிடுவார்கள், வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும். மனைவிகள், அம்மாக்கள், இடுப்புக் குழந்தைகள், எல்லோரும் வந்து தங்கள் வீட்டு மனிதர் நாள் முழுவதும் எதன் முன்னால் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுப் போவார்கள். பெயிண்ட் அடிக்காத மெஷினுக்குப் பூஜை கிடையாது. அதைத் தார்ப்பாய் போட்டு மூடிக் கயிறு கட்டிவிடுவார்கள். பழுதாகிக் கிடப்பவற்றுக்குத்தான் அந்தக் கதி.

வழக்கம் இதோடு நிற்கவில்லை. ஆயுதம் கம்பெனியில் மட்டுமா இருக்கிறது. ஏர் இருக்கிறது, கிணற்று மோட்டார் இருக்கிறது, தையல் மெஷின், சைக்கிள், பூக்கடைத் தராசு. டப்பா தன் மெஷினுக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டுக்கென்று ஒரு கரண்டி ஒதுக்கிக்கொள்வார்கள். காலி டிபன் பாக்ஸில், ஊறுகாய் பாட்டிலில், இளநீர்க் கூட்டில். கேட்டில் செக்யூரிட்டி பார்க்க மாட்டாரா என்று கேட்பீர்கள். செக்யூரிட்டி உட்கார்ந்திருந்த ஸ்டூலே எங்கள் மெஷின் பச்சைதான்.

நான் இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஜன்னல் வழியாகக் கண்டுபிடித்தேன். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போகிற பஸ். தோட்டத்து இரும்புக் கேட் ஒன்று கடந்தது, எங்கள் பச்சை. கரும்புச்சாறு பிழிகிற சக்கரம், எங்கள் பச்சை. வேப்பமரத்தில் கட்டிய ஊஞ்சல் பலகை. ஒரு கலப்பை. அணைக்குக் கீழே வாய்க்கால் ஓரம் காளை ஒன்று மேய்ந்தது, ஒரு கொம்பு சிவப்பு, இன்னொன்று எங்கள் பச்சை, பொங்கல் வரைக்கும் யாரோ பத்திரப்படுத்தி வைத்திருந்து தீட்டியது. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. இத்தனை காலம் ஷெட்டுக்குள் நின்று நான் கணக்குப் போட்ட பரப்பு இந்த வாய்க்கால் வரைக்கும் நீண்டு கிடந்திருக்கிறது. அந்த வருடத்திலிருந்து பெயிண்ட் கேட்டு எழுதும்போது மெஷின்களுக்கு வேண்டியதற்கு மேல் இன்னொரு பங்கையும் சேர்த்துக் கேட்டேன். கசிவு என்று அதற்குப் பெயர் வைத்தேன். யாரும் கேள்வி கேட்கவில்லை, ரகுநாதன் சார் வரும் வரை.

அவர் சென்னையிலிருந்து மேனேஜராக வந்தவர். தங்கமான மனிதர். ஆனால் எதைக் காட்டினாலும் முதலில் "நீளம் என்ன, அகலம் என்ன?" என்பார். சாம்பாரைக் காட்டினால்கூடக் கேட்பார் என்று கேண்டீனில் பேச்சு. அந்த வருடம் எல்லா மெஷினையும் பழைய பச்சையிலிருந்து வெளிர் நீலத்துக்கு மாற்றுவது என்று அவர்தான் முடிவு செய்தார். ஷெட் வெளிச்சமாக இருக்குமாம். அந்த நீலத்தைக் கடையில் வாங்க முடியாது, பெயிண்ட் கம்பெனியில் சொல்லிக் கலந்து வாங்கினோம். அழகான நீலம். மழை விட்ட மறுநாள் கிருஷ்ணகிரி மலைக்கு மேலே இருக்குமே, அது.

நான் எழுதிக் கொடுத்த அளவைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இதுல ஒரு பங்கு எதுக்குன்னே தெரியலையே."

"கசிவு சார்."

"எங்க கசியுது?"

"பரவலா சார்."

"நீளம் என்ன, அகலம் என்ன? சொன்னீங்கன்னா வச்சுக்கலாம். இல்லன்னா வெட்டிடறேன்."

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் தப்பான ஆள் இல்லை என்பதாலேயே தப்பாமல் நடவடிக்கை எடுப்பார். கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கச் சொல்வார். வருடத்தில் எல்லோரும் நிமிர்ந்து நடக்கிற ஒரே நாளில் வரிசையில் நின்று பையைக் கவிழ்க்க வேண்டியிருக்கும். ஒரு கரண்டி பெயிண்டுக்கு அது அதிகம். "வெட்டிடுங்க சார்" என்றேன்.

வெளியே வந்து நாகராஜிடம் மட்டும் சொன்னேன். "இந்த வருஷம் அளவாத்தான் வருது. வீட்டுக்குன்னு எடுக்கிற கையைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லுங்க."

"எந்த வீட்டுக்கு சார்?" என்றார், தமிழில். பிறகு குரலை இறக்கி, "புது கலர் வேற சார். பாத்ததிலிருந்து எல்லாருக்கும் ஒரே ஆசையா கீது. நான் சொல்லிப் பாக்கறேன்" என்றார். அவர் சொல்லிப் பார்த்தார். ஆசை கேட்கவில்லை.

மாதேஸ்வரி என்று ஒரு பெண். சாமல்பட்டிக்காரி. பேக்கிங்கில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, அந்த வருடம்தான் ட்ரில்லிங் மெஷினுக்கு வந்தாள். எங்கள் ஷெட்டில் தனியாக மெஷின் கிடைத்த முதல் பெண். அவளுடைய அப்பா சின்னசாமி, ராகியும் துவரையும் போடுகிற விவசாயி, இந்தச் செய்தியை ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எம்பொண்ணுக்குத் தனி மெஷின் குடுத்திருக்காங்க என்று. அவருடைய அண்ணன் நம்பவில்லை. கம்பெனியில் டீ கப் கழுவுகிற வேலையைத்தான் பெண்களுக்குத் தருவார்கள், தனக்குத் தெரியும் என்று டீக்கடையில் சத்தமாகச் சொல்லியிருக்கிறார். சின்னசாமிக்கு ரோஷம். பூஜையன்று வேன் பிடித்து அண்ணனையும் இன்னும் பத்துப் பேரையும் கூட்டி வருகிறேன், கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மாதேஸ்வரி இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆனால் ஒரு வாரமாக அந்த மெஷினை அவள் சுரண்டிய சுரண்டலைப் பார்த்தால் விளங்கும், சிரிப்பு எத்தனை ஆழம் என்று.

பூஜைக்கு முந்தின நாள். மதியம் மெஷின்கள் நின்றன. திடீரென்று ஷெட்டில் மனிதக் குரல் கேட்கும் அந்த நிமிஷம் எனக்கு எப்போதும் பிடிக்கும். டப்பா கிளம்பியது. சர்வீஸ் வரிசை என்பதால் நாகராஜிடம் முதலில், மாதேஸ்வரியிடம் கடைசியில். நீலம் ஒவ்வொரு மெஷினாக ஏறிக்கொண்டே வந்தது, ஏரியில் தண்ணீர் ஏறுகிற மாதிரி. ஷெட்டே வெளிச்சமாகிக்கொண்டு வந்தது.

மாதேஸ்வரி முன்பக்கம் அடித்து முடித்து நிமிர்ந்தபோது டப்பாவின் அடி தெரிந்தது. சுரண்டி எடுத்தாள். பிரஷ்ஷைப் பிழிந்து பார்த்தாள். முன்பக்கம் நீலம், பின்பக்கமும் தலையும் பழைய பச்சை. பாதி சட்டை போட்ட ஆள் மாதிரி நின்றது மெஷின்.

ஸ்டோரில் ஒரு சொட்டு இல்லை. கடை நீலம் எதை வாங்கி அடித்தாலும் இரண்டு நீலமாகத் தெரியும். ரகுநாதன் சார் வந்தார். மெஷினைச் சுற்றிப் பார்த்தார்.

"கணக்கு கரெக்டா இருந்ததே. எங்க போச்சு?"

நாகராஜ் ஏற்கெனவே துடைத்த கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, டப்பாவில ஒட்டியிருக்கிறதுல தின்னர் ஊத்தி இழுத்துப் பாருங்க."

"வேணாம் சார்" என்றேன். "பச்சைக்கு மேல தண்ணியா அடிச்சா வழிஞ்சு கோடு கோடா நிக்கும். உள்ளேயிருந்து பச்சை எட்டிப் பார்க்கும்."

தம்பிகளே, தங்கைகளே, இதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பெயிண்ட் பற்றாமல் போனால் முதலில் தின்னர் பாட்டிலைத் தூரத் தள்ளி வையுங்கள். பற்றாக்குறையை இளக்கி மறைத்தால் அது சுவரெல்லாம் வழிந்து, கேட்காதவர்களிடமும் போய்ச் சொல்லும்.

"அப்ப வேற வழியில்ல. தார்ப்பாய் போட்டுடுங்க" என்றார் ரகுநாதன் சார். அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தம்கூட இருந்தது. தார்ப்பாயை ஒருவர் கொண்டுவந்து மாதேஸ்வரியின் மெஷின் பக்கத்தில் போட்டார். அவள் அதைப் பார்க்கவில்லை. பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவ ஆரம்பித்தாள், மெதுவாக.

"பரவால்ல சார். அப்பா கிட்ட தார்ப்பாயத் தூக்கிக் காட்டிக்கறேன்" என்றாள்.

"ஒங்க பெரியப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

அவள் பிரஷ்ஷை இன்னொரு முறை முக்கினாள்.

ரகுநாதன் சார் என் பக்கம் திரும்பினார். "பெயிண்ட் ஆவியாகுமா? எங்கயோ போயிருக்கு. கேட்ல சொல்லி இன்னிக்கு எல்லா பையையும் பாக்கச் சொல்லலாமா?"

சாயங்கால வெயில் கூரைத் தகட்டின் கண்ணாடிச் சதுரங்கள் வழியாகச் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. வெயில் போனால் பெயிண்ட் காயாது. எனக்கு இருந்த நேரம் அந்த வெயிலின் நீளம்தான். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில், லாக்கர் மேல், சைக்கிள் பைக்குள், டிபன் பாக்ஸ்கள். அவற்றுக்குள் ஒரு மெஷினின் பின்பக்கமும் தலையும் சிதறிக் கிடக்கின்றன. எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று. தெரியாதவர் ஒரே ஒருவர்.

காலி டப்பாவை எடுத்து மாதேஸ்வரியின் மெஷின் மேஜையில் வைத்தேன். அதன் வாயில் சுத்தமான வேட்டித் துணி ஒன்றைக் கட்டி வடிகட்டியாக்கினேன். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்.

"பாதி மெஷினுக்குத்தான் பத்தல. நானும் சாரும் கேண்டீன் போய் டீ குடிச்சிட்டு வர்றோம். கொஞ்ச நேரம் ஆகும்."

"இப்ப எதுக்கு டீ?" என்றார் ரகுநாதன் சார்.

"வாங்க சார். தலை வலிக்குது."

நெருக்கடி நேரத்தில் இடத்தைவிட்டுப் போகாதே என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பெரும்பாலும் சரிதான். சில நெருக்கடிகளில் செய்ய வேண்டிய ஒரே காரியம் இடத்தைவிட்டுப் போவது. கூடவே இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போவது.

கேண்டீனில் மறுநாள் சுண்டலுக்குக் கொண்டைக்கடலை ஊறிக்கொண்டிருந்தது. டீ வந்தது. ரகுநாதன் சார் நான்கு மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். எனக்குப் பதற்றம். உள்ளே இன்னும் ஒரு பாட்டில்கூடத் திறந்திருக்க மாட்டார்கள். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"சார், இந்தக் கூம்புக்கு மேற்பரப்பு எப்படிக் கணக்குப் போடறது? மெஷின் தலையில ஒரு கூம்பு வருது, ஒவ்வொரு வருஷமும் கணக்கு இடிக்குது."

அவர் உட்கார்ந்தார். முகம் மலர்ந்தது. மேஜையில் சிந்தியிருந்த டீயில் விரலைத் தொட்டு ஒரு கூம்பு வரைந்தார். அதை வெட்டி விரித்தால் விசிறி மாதிரி ஆகும் என்று காட்டினார். நுனி வெட்டிய கூம்புக்குத் தாவினார். அங்கிருந்து கோளம். கல்லூரியில் தன் பேராசிரியர் ஒருவர் பூசணிக்காயைக் கொண்டுவந்து தோலைச் சீவி வகுப்பில் பரப்பளவு விளக்கிய கதையைச் சொன்னார். கேண்டீன் மாஸ்டர் கரண்டியோடு வந்து நின்று கேட்டார். இப்படி ஒரு ஆனந்தத்தை மனிதர் இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று தோன்றியது. எங்கள் ஷெட்டில் அவரிடம் யாரும் எதையும் கேட்டதேயில்லை, அவர்தான் எங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். மேஜை முழுவதும் டீ வட்டங்களாகக் காய்ந்தபோது நான் எழுந்தேன்.

ஷெட்டுக்குள் அவரவர் அவரவர் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. மாதேஸ்வரி மட்டும் சும்மா நின்றாள், உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு. மேஜையில் டப்பா. டப்பாவில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை நீலம்.

ரகுநாதன் சார் குனிந்து பார்த்தார். வேட்டித் துணி நடுவில் தொய்ந்து, வடிந்தது போக மிச்சத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு குச்சியால் அதைக் கிளறினார். நீலத்தில் முக்கி எடுத்த ஒரு கறிவேப்பிலை ஏறி வந்தது. இரண்டு கடுகு. ஒரு சோற்றுப் பருக்கை.

"இது என்ன?"

"கறிவேப்பிலை சார்."

"பெயிண்ட்லயா?"

நாகராஜ் தன் லேத்தின் பின்னாலிருந்து, நிமிராமல் சொன்னார்: "நல்ல கம்பெனி பெயிண்ட் சார். தாளிச்சுக் குடுக்கறாங்க."

யாரோ ஒருவருக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வெடித்தது. இன்னொரு மூலையில் ஒருவர் இருமினார். ரகுநாதன் சார் பெஞ்சுகளுக்கு அடியில் பார்த்தார், லாக்கர்களின் மேல் பார்த்தார், எல்லா டிபன் பாக்ஸும் திறந்து கிடந்தன, எல்லாவற்றின் உள்ளேயும் ஒரே வானம். கணக்கு அவருக்குள் ஓடுவது தெரிந்தது.

"நுனி வெட்டின கூம்பு" என்றார் கடைசியில், என்னைப் பார்த்து. "கேட்டது இதுக்குத்தானா?"

"இல்ல சார். நிஜமாவே இடிக்குது."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. பிறகு தரையில் கிடந்த தார்ப்பாயைத் தானே மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "ஆரம்பிங்கம்மா. வெயில் போறதுக்குள்ள" என்று மாதேஸ்வரியிடம் சொல்லிவிட்டு ஸ்டோர் பக்கம் நடந்தார்.

அவளே அடித்தாள். வேறு யாரும் பிரஷ்ஷைத் தொடவில்லை, வழக்கம் வழக்கம்தான். ஆனால் ஒருவர் தூசி எழும்பாமல் சுற்றிலும் தண்ணீர் தெளித்தார். ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நாகராஜ் சும்மா நின்று குறை சொன்னார். "அந்த மூலை. அந்த மூலை விட்டுட்டே. என் வீட்டு ஜன்னல் அது, ஒழுங்கா அடி."

மறுநாள் வேன் வந்தது. சின்னசாமி வெள்ளைச் சட்டையில், நெற்றி நிறையத் திருநீறு. அவர் அண்ணன் புது வேட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாடு வாங்க வந்தவர் மாதிரி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு வந்தார். மாதேஸ்வரி மெஷினுக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தாள்.

"இதா?" என்றார் சின்னசாமி.

"இதுதாம்ப்பா."

"முழுசும் உன்னுதா?"

"நான் மட்டுந்தான் ஓட்டறேன்."

"ஓட்டிக் காட்டு, பாக்கலாம்" என்றார் பெரியப்பா.

"இன்னிக்கு ஓட்டக்கூடாது பெரியப்பா. இன்னிக்கு அதுக்கு லீவு."

"அப்ப எதை வச்சு நம்பறது?"

நாகராஜ் பக்கத்து மெஷினில் குடும்பத்தோடு நின்றவர், பணிவாகச் சொன்னார்: "பெரியவரே, ஒரு விரலைக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு ஓட்டை போட்டு அனுப்பி வைக்கறோம்."

சாமல்பட்டி முழுவதும் சிரித்தது. பெரியப்பா கையை இன்னும் இறுக்கமாகப் பின்னால் கட்டிக்கொண்டார், ஆனால் அவரும் சிரித்தார். சின்னசாமி சிரிக்கவில்லை. தட்டிலிருந்து குங்குமத்தைப் பெருவிரலில் தொட்டு மெஷினின் நெற்றியில் அழுத்தி வைத்தார். நேற்று சாயங்காலத்துப் பெயிண்ட், முழுதும் உலரவில்லை. விரலை எடுத்தபோது ரேகை அப்படியே பதிந்திருந்தது, ஏர் ஓட்டின நிலம் மாதிரி கோடு கோடாக.

நான் பதறி, "நாளைக்குத் தேய்ச்சு சரி பண்ணிடலாம்" என்றேன்.

"விடுங்கண்ணா" என்றாள் மாதேஸ்வரி. "இருந்துட்டுப் போவட்டும்."

நான் அங்கிருந்து வெளியேறும் வரை அது இருந்தது. கணக்குப் போடும்போது தாள் சுற்றுங்கள், பெருக்குங்கள், வளைவுக்கும் சொரசொரப்புக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டு முடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். நான் சொல்ல வந்த சூத்திரம் இவ்வளவுதான்.

பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள். ரகுநாதன் சாரும் நானும் கேட் வரை போனோம். கேட்டுக்கு வெளியே பூசணிக்காய் உடைத்த இடத்தில் சிவப்பு சிதறிக் கிடந்தது. வேனில் ஆட்கள் ஏறிவிட்டார்கள். சின்னசாமி மட்டும் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். இறங்கினார். எங்களிடம் வந்தார். துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டார்.

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க" என்றார் ரகுநாதன் சார்.

"அந்த நீலப் பெயிண்டு. கொஞ்சம் கெடைக்குமாங்க? ஊட்ல வண்டி ஒண்ணு கீது. பொங்கலுக்கு அடிக்கலாம்னு."

நான் ரகுநாதன் சாரைப் பார்க்கத் துணியவில்லை. வேன் டிரைவர் ஹார்ன் அடித்தார். ரகுநாதன் சார் சட்டைப் பையைத் தடவிப் பேனாவை எடுத்தார். உள்ளங்கையை விரித்துக்கொண்டார்.

"அடுத்த தடவை வாங்கறப்போ சேத்துக்கலாம். வண்டி நீளம் என்ன, அகலம் என்ன?"

சின்னசாமி கொஞ்சம் யோசித்தார். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார், பிறகு இறக்கிக்கொண்டார்.

"அதெல்லாம் யாரு சாமி அளந்தா. ஒரு வண்டி, ரெண்டு மாடு" என்று சொல்லிக்கொண்டே வேனில் ஏறினார். வேன் நகர்ந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"கொம்பையும் சேத்துக்கங்க."